பெரிய வீடு குழு: செந்தில் பார்த்த வீடு

பெரியப்பா: செந்தில், வீடு பார்த்துவிட்டேன் என்று படம் அனுப்பினாய். படத்தில் விளையாட்டுத் திடல்தான் தெரிகிறது, வீட்டைக் காணோமே?

செந்தில்: அதுதான் வீடு பெரியப்பா 😄

அம்மா: என்னடா உளறுகிறாய்

செந்தில்: இந்த அமெரிக்க ஊர் இண்டியானாபொலிஸில் இருக்கிற புஷ் ஸ்டேடியம் அம்மா. பழைய பேஸ்பால் ஸ்டேடியம். வெளிச்சுவரை விட்டுவிட்டு, ஜனங்கள் உட்கார்ந்து ஆட்டம் பார்த்த பக்கத்தில் வீடுகளாகக் கட்டிவிட்டார்கள். மொத்தம் 138 வீடு, 2013-இல் குடிவர ஆரம்பித்தார்கள். நடுவில் அந்த வைர வடிவத் திடல் மட்டும் இருக்கிறது, நான் பார்த்த வீட்டு ஜன்னலைத் திறந்தால் நேரே அதுதான்.

அம்மா: பந்து வந்து கண்ணாடியில் விழாதா?

செந்தில்: இப்போது யாரும் ஆடுவதில்லை அம்மா. 1996-லேயே அணி ஊருக்குள் புது மைதானத்துக்குப் போய்விட்டது.

பெரியப்பா: புஷ் என்றால் ஜனாதிபதி புஷ்ஷா?

செந்தில்: இல்லை பெரியப்பா, இவர் டோனி புஷ். இதே ஊர்க்காரர், பெரிய லீக்கில் ஆடி, பயிற்சியாளராக இருந்து, கடைசியில் ஊர் அணிக்கே தலைவராக வந்தவர். 1967-இல்தான் அவர் பெயரை வைத்தார்கள். 1931-இல் கட்டியபோது பெர்ரி ஸ்டேடியம். கட்டியவர் அணியின் முதலாளி நார்மன் பெர்ரி, விமான விபத்தில் இறந்துபோன சகோதரர் நினைவாக வைத்த பெயர். அப்புறம் 1942-இல், உலகப்போர் நேரம், விக்டரி ஃபீல்டு என்று மாற்றினார்கள். வேடிக்கை என்னவென்றால், 1996-இல் போன அணி அந்தப் பெயரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. புது மைதானத்துக்கு இப்போது அதுதான் பெயர்.

பெரியப்பா: வீட்டைக் காலி செய்கிறவன் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போகிற மாதிரி 😂

அத்தை: அணி பெயர் என்ன?

செந்தில்: இண்டியன்ஸ்

அத்தை: நம் ஆட்களா!!

செந்தில்: அத்தை 🤦 அமெரிக்கப் பூர்வகுடிகளைச் சொல்கிற பேர். மைனர் லீக் அணி, அதாவது பையன்களைத் தேற்றி மேலே அனுப்புவதுதான் வேலை, இப்போது பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்ற பெரிய லீக் அணிக்கு அனுப்புகிறார்கள். 1961-இல் 61 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்து சாதனை செய்த ரோஜர் மாரிஸ் 1956-இல் இந்தத் திடலில் ஆடியவர். கறுப்பர்களைச் சேர்க்காத காலத்தில் அவர்களுடைய தனி லீக் அணியான க்ளவுன்ஸுக்கும் இதுதான் சொந்த மைதானம்.

அக்கா: சுவரில் கொடி படர்ந்திருக்குமே, பழைய படத்தில் பார்த்தேன்

செந்தில்: ஆமாம் அக்கா, ஐவிக் கொடி. சிகாகோவில் ரிக்லி ஃபீல்டு என்ற பேஸ்பால் மைதானத்தில் கொடி படர்ந்த சுவர்தானே பெரிய பேர், அதற்கே யோசனை இங்கிருந்து போனதுதான், 1937-இல் அங்கே கொடி வைத்தார்கள்.

அம்மா: கொடி என்றால் பாம்பு வருமே

செந்தில்: அம்மா, மூன்றாவது மாடி.

பெரியப்பா: 1996-க்கும் 2013-க்கும் நடுவில் சும்மாவா கிடந்தது? நம் ஊராக இருந்தால் கல்யாண மண்டபம் ஆக்கியிருப்பார்கள்.

செந்தில்: கிட்டத்தட்ட அதே கதை. உள்ளே மண்ணைக் கொட்டி குட்டி ரேஸ் கார் ஓட்டினார்கள், இதே 16-ஆம் தெருவில் மேற்கே போனால் அந்தப் பெரிய கார் பந்தய மைதானமே இருக்கிறது, இருந்தும் இங்கே ஒன்று! அது ஓரிரு வருடம் ஓடி நின்றது. 2009-இல் பழைய காரைக் கொடுத்துப் புதுக் கார் வாங்கினால் அரசாங்கமே பணம் தந்தது இல்லையா, அப்படி வந்த ஓட்டைக் கார்களை வரிசையாகத் திடலில் நிறுத்திவைத்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்தால்தான் பாவமாக இருக்கிறது, பந்து வீசுகிறவன் நிற்கிற இடத்தில் டயர் இறங்கிப்போன வண்டிகள். அதற்கு முன்னால் 1987-இல் எவ்வளவு ஜோர், வட, தென் அமெரிக்க நாடுகள் ஆடுகிற பான் அமெரிக்கப் போட்டியின் பேஸ்பால் இங்கே நடந்தது, அதே வருடம் சிகாகோ பேஸ்பால் அணி சிக்கிய 1919 சூதாட்ட ஊழலைப் பற்றிய சினிமாவும் இங்கே எடுத்தார்கள். சிகாகோ மைதானம் என்று காட்டியது இதைத்தான்.

அத்தை: சினிமா எடுத்த வீடா! அப்போ வாடகை கூடத்தான் இருக்கும்

பெரியப்பா: இடிக்காமல் விட்டார்களே, அதைச் சொல்லுங்கள். பிடித்திருந்தால் முன்பணம் கொடுத்துவிடு செந்தில்.

அம்மா: இருங்கள். அடுப்படி எந்தத் திசையில்?

செந்தில்: 🙏 நாளைக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்