ஏ.சி. வேலை பழகும் பையனை ஐ.டி.ஐ.யில் சேர்க்க வேண்டுமா?

கோட்டையூர் தாய்மாமன்:

வணக்கம். என் அக்காள் மகன் சென்ற ஆண்டு பிளஸ் டூ முடித்துவிட்டு, காரைக்குடியில் ஏ.சி. பொருத்தும் ஒருவரிடம் எட்டு மாதமாக உதவியாளாகப் போய்வருகிறான். ஏணி பிடிப்பதில் தொடங்கியவன், இப்போது தனியாகவே ஸ்பிளிட் ஏ.சி. மாட்டுகிறான், கேஸும் நிரப்புகிறான். ஐ.டி.ஐ.யில் சேர்க்கலாம் என்று நான் சொன்னபோது, கைத்தொழில் வந்துவிட்ட பையனுக்கு இரண்டு வருடப் படிப்பு எதற்கு என்று அவனுடைய முதலாளி கேட்கிறார். தகப்பன் இல்லாத பிள்ளை என்பதால் அக்காள் என் வார்த்தையைத்தான் நம்பியிருக்கிறாள். படிக்க வைக்கலாமா, வைத்தால் எலெக்ட்ரீஷியன் பிரிவா அல்லது ஏ.சி. மெக்கானிக் பிரிவா என்று தொழில் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பள்ளத்தூர் ஏ.சி. மெக்கானிக்:

ஐயா, நானும் படிக்காமல் பட்டறையில் பழகியவன்தான். அதனால்தான் சொல்கிறேன், அவனைச் சேர்த்துவிடுங்கள்.

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டு ஏ.சி.க்குத் தொடர்ந்து மூன்று கோடைகளில் நான் கேஸ் நிரப்பிக் கொடுத்தேன். ஏ.சி.யில் உள்ள கேஸ், வண்டியில் ஊற்றும் பெட்ரோல் போல ஓட ஓடத் தீர்வது அல்ல. அது மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது, குறைந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நான்காம் ஆண்டு வேறொருவர் வந்து, நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவிப் பார்த்து, குழாய்களை இணைக்கும் ஃபிளேர் நட்டில் இருந்த கசிவை அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தார். அந்த வீட்டு ஆச்சியிடம் மூன்று முறை வாங்கிய பணம் இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

இன்னொன்றும் உண்டு. ஆர்-22 என்ற பழைய கேஸ் இருந்த காலத்தில், கம்ப்ரசர் கேஸை உறிஞ்சும் பக்கத்து மீட்டரில் அழுத்தம் 65 பி.எஸ்.ஐ. வந்தால் போதும் என்று எங்களுக்குச் சொல்லிவைத்தார்கள். இன்றைய ஆர்-32 கேஸ் இயந்திரத்தில் அந்த அழுத்தம் 100-ஐத் தாண்டித்தான் நிற்கும். அதிலும் காலியான இயந்திரத்துக்கு மீட்டரை நம்பாமல், கம்பெனி குறித்திருக்கும் கிராம் அளவை எடைபோட்டே கேஸ் ஏற்ற வேண்டும். ஆர்-32 மெதுவாகவேனும் தீப்பற்றக்கூடியது. சில இயந்திரங்களில் வரும் ஆர்-290 என்பது புரொப்பேன், அதாவது அடுப்பு சிலிண்டரில் இருக்கும் வாயுக்களில் ஒன்று. அது உள்ளே இருப்பது தெரியாமல் குழாயை ஒட்டவைக்கும் கேஸ் விளக்கின் தீயைக் காட்டினால் என்ன ஆகும் என்பதை அனுபவத்தில் கற்றுக்கொள்ள முடியாது, கற்றுக்கொள்ளவும் கூடாது.

பையனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். புதிய ஏ.சி. மாட்டியதும் குழாயில் இருக்கும் காற்றை வேக்யூம் பம்ப் வைத்து இழுக்கிறார்களா, அல்லது கேஸையே சிறிது திறந்துவிட்டுக் காற்றை வெளியே தள்ளுகிறார்களா? இரண்டாவதுதான் என்றால், உள்ளே தங்கும் ஈரம் எண்ணெயைக் கெடுத்துக் கம்ப்ரசரைக் கொல்லும்.

தேவகோட்டை வயர்மேன்:

மேலே அண்ணன் சொன்னது அனைத்தும் சரி. ஆனால் பிரிவைப் பொறுத்தவரை நான் எலெக்ட்ரீஷியன் பக்கம்தான் நிற்பேன். இன்வெர்ட்டர் ஏ.சி.யின் வெளிப்பெட்டிக்குள் 230 வோல்ட் மாறுமின்சாரம் ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றப்படுகிறது. சுவிட்சை அணைத்த பிறகும் அது, மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டரில் சிறிது நேரம் தங்கியிருக்கும். அளந்து பார்க்காமல் கை வைப்பவனுக்கு அதுவே எமன்.

நம் பக்கத்து வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றிய அறைகளில் பல இடங்களில் இன்னும் மரச்சட்டத்தில் ஓடும் பழைய இரட்டை வயர்தான் இருக்கிறது, எர்த் வயரே கிடையாது. அந்த வயரில் ஒன்றரை டன் ஏ.சி.யைக் கோத்துவிட்டு, தேக்கு உத்தரத்தின் அடியில் வீட்டார் நிம்மதியாகத் தூங்குவார்கள் என்று எப்படி எதிர்பார்ப்பது? ஏ.சி.க்கென்று மெயின் போர்டிலிருந்து தனி வயர், மின்சாரம் அளவுக்கு மீறினால் தானே அணையும் தனி எம்.சி.பி., மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஆகியவை வேண்டும். எர்த் குழியும் சரியாக இருக்க வேண்டும். வறண்ட செம்மண்ணில் கோடைக்காலத்தில் அது சொல்லிக்கொள்ளாமல் செயலிழந்துவிடும் என்பதால், மீட்டர் வைத்து அளந்து பார்க்கத் தெரிந்த ஆள் தேவை.

வயரிங் வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் வழியாக, தகுதிச் சான்று உள்ளவரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும் என்பது சட்டம். தமிழ்நாட்டில் அந்தச் சான்றுகளை மின் உரிமம் வழங்கும் வாரியம் தருகிறது. எலெக்ட்ரீஷியன் அல்லது வயர்மேன் பிரிவில் ஐ.டி.ஐ. முடித்தவனுக்கு அதை நோக்கிய பாதை நேராக இருக்கிறது.

ஓய்வுபெற்ற பயிற்றுநர்:

இரண்டு பிரிவுகளுமே இரண்டு ஆண்டுகள். அறிவியல், கணிதத்துடன் பத்தாம் வகுப்புத் தேறியிருந்தால் போதும். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. படிப்பு முடிந்ததும் 1961-ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டத்தின்படி ஒரு நிறுவனத்தில் உதவித்தொகையுடன் பழகுநராகச் சேர்ந்து தேசியச் சான்று பெறுவதை அவன் தவறவிடக் கூடாது. வெளிநாடு போவதானாலும் அது கைகொடுக்கும். குழாய் வேலை ஏற்கெனவே கையில் இருப்பதால், இந்தப் பையனுக்கு எலெக்ட்ரீஷியன் பிரிவே பொருந்தும் என்பது என் கருத்து. காரைக்குடி அரசு ஐ.டி.ஐ.க்கு நேரில் சென்று, எந்தெந்தப் பிரிவுகளில் இடம் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு விண்ணப்பியுங்கள்.

கோட்டையூர் தாய்மாமன்:

அனைவருக்கும் நன்றி. அந்தக் கேள்வியை நேற்று இரவு கேட்டேன். அவர்களிடம் வேக்யூம் பம்பே இல்லையாம். கேஸைத் திறந்துவிட்டுத்தான் காற்றைத் தள்ளுகிறார்களாம். அதில் தவறு இருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியவில்லை. எலெக்ட்ரீஷியன் பிரிவுக்கே விண்ணப்பிக்கப் போகிறோம். ஏ.சி. வேலை இரண்டு வருடத்தில் கை மறந்துவிடுமோ என்பதுதான் அவனுடைய கவலை.

பள்ளத்தூர் ஏ.சி. மெக்கானிக்:

மறக்காது ஐயா. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் வரட்டும். பம்ப், எடை மெஷின், நைட்ரஜன் சிலிண்டர் எல்லாம் இருக்கின்றன. முதல் மாதம் கேஸைத் தொட விடமாட்டேன், கசிவு தேடும் வேலை மட்டும்தான் கொடுப்பேன். இதை மட்டும் அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.