'அடிமை அட்டவணை' பொருந்துமா?

> 'ஸ்லேவ் ஷெட்யூல்' என்பதற்கு 'அடிமை அட்டவணை' என்றே வைத்துக்கொள்ளலாமே. எளிதாகப் புரியும்.

ஐயா, வணக்கம்.

எளிதாகப் புரியும், ஆனால் தவறாகப் புரியும் என்பதே என் கவலை. 'அடிமை அட்டவணை' என்றதும் அடிமைகளின் பெயர்களை வரிசையாக எழுதிய ஏடு என்றுதான் எவரும் நினைப்பார். மூதாதையின் பெயரைத் தேடிப் போகிறவருக்கு அந்த ஏட்டில் பெரும்பாலும் கிடைக்காதது அந்தப் பெயர்தான். அமெரிக்காவில் 1850, 1860 கணக்கெடுப்புகளின்போது தனித் தாள்களில் எடுத்த கணக்கு இது. உடைமையாளரின் பெயர் இருக்கும். அதன்கீழ் வயது, பால், நிறம் என்று வரிவரியாக ஓடும். முப்பது வயதுப் பெண்ணுக்கு அடுத்த வரியில் இருக்கும் இரண்டு வயதுக் குழந்தை அவள் பெற்றதா என்றுகூடத் தெரியாது.

முந்தைய மடலில் வந்த 'பெயரிலிப் பட்டியல்' என்பதையும் ஏற்க மனம் வரவில்லை. அவர்களுக்குப் பெயர் இருந்தது, கணக்கெடுத்தவர்தாம் அதை எழுதவில்லை. எழுதாதவர் குற்றத்தை எழுதப்படாதவர் தலையில் ஏற்றலாமா?

'அடிமைத் தலைக்கணக்கு' என்பது என் பரிந்துரை. தலையை மட்டும் எண்ணினார்கள் என்பது சொல்லிலேயே தெரிகிறது. தேடுபவருக்கு வழியும் தெளிவாகும். விடுதலைக்குப் பின் அவர்களையும் பெயரோடு பதிந்த 1870 கணக்கெடுப்பிலிருந்து பின்னோக்கிப் போய், உடைமையாளர் இன்னார் என்று ஊகித்து, வயதும் பாலும் ஒத்துவருகின்றனவா என்று பார்க்கத்தான் தலைக்கணக்கு உதவும். பெயர் வேண்டுமானால் அந்த உடைமையாளரின் உயிலையும், அவர் இறந்தபின் எடுத்த சொத்துக் கணக்கையும் புரட்ட வேண்டும். அங்கே பல வேளைகளில் பெயர் இருக்கும், எதிரே விலையும் இருக்கும். படிக்கக் கை நடுங்கும் தாள்கள் அவை.

பிள்ளை அடிமையா இல்லையா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது என்ற வர்ஜீனியாவின் 1662ஆம் ஆண்டுச் சட்டத்துக்குத் 'தாய்நிலை விதி' என்பது போதும். 'தாய்வழி' என்று தொடங்கினால் மருமக்கள்தாயம் என்ற தாய்வழிச் சொத்துரிமை முறையோடு குழம்பும். இந்த விதி இருந்ததால்தான் பிள்ளையைத் தேடுபவர் முதலில் தாயின் உடைமையாளரைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

விற்பனைப் பத்திரத்துக்கு 'ஆளோலை' என்றீர்கள். அழகான பழஞ்சொல். ஆனால் சுந்தரர் கதையில் வரும் ஆளோலை, அவருடைய பாட்டனாரே தம்மையும் தம் வழியினரையும் அடிமையாக்கி எழுதிக் கொடுத்ததாகக் காட்டப்படுவது. அமெரிக்கப் பத்திரத்தில் விற்கப்பட்டவரின் ஒப்புதலுக்கு இடமே இல்லை. 'ஆள் விற்பனைப் பத்திரம்' என்றே எழுதுவோம்.

'தலைக்கணக்கு' வேறு துறையில் வேறு பொருளில் வழங்கினால் தெரிவியுங்கள்.