வேளாங்கண்ணிக்கு காரில் போறோம், அம்மாவுக்கு முட்டுவலி: கையோடு கொண்டுபோகிற டாய்லெட் எது வாங்கலாம்?

தக்கலை_மேற்கு

ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணி கொடியேற்றத்துக்குக் குடும்பத்தோடு காரில் போகலாம் என்று இருக்கிறோம். எர்டிகா வண்டி. நான், வீட்டுக்காரி, எட்டாம் வகுப்பு படிக்கிற மகள், நாலு வயசுப் பையன், அப்பா, அம்மா. தூத்துக்குடி, சாயல்குடி, ராமநாதபுரம், தொண்டி என்று கடற்கரைச் சாலையிலேயே போய்விடுவதாகத் திட்டம்.

அப்பாவுக்கும் பையனுக்கும் கவலையில்லை, உடைமரம் கண்ட இடத்தில் நிறுத்தினால் போதும். அம்மாவுக்குத்தான் பிரச்சினை. ரெண்டு முட்டும் தேய்ந்துபோய் குத்தவைத்து உட்காரவே முடியாது, போதாததற்கு பிரஷருக்கு நீர் மாத்திரை வேறு. பெட்ரோல் பங்க் கக்கூஸில் முக்கால்வாசி தரையோடு பதித்த இந்தியன் கோப்பைதான். வெஸ்டர்ன் இருந்தால் பூட்டிப் போட்டிருப்பார்கள், சாவி மேனேஜரிடம், மேனேஜர் சாப்பிடப் போயிருப்பார். இதற்கு அம்மா கண்டுபிடித்திருக்கிற வழி என்னவென்றால், எங்காவது போகிறோம் என்றால் முந்தின ராத்திரியிலிருந்தே பச்சைத் தண்ணி பல்லில் படாமல் இருப்பது. சொன்னாலும் கேட்பதில்லை.

ஆன்லைனில் பார்த்தால் பக்கெட் மேல் சீட் வைத்தது ஒன்று, பை மாட்டிக்கொள்கிற மடக்கு ஸ்டூல் ஒன்று, அப்புறம் மேலே தண்ணி டேங்க், கீழே கழிவு டேங்க் என்று பம்ப் அமுக்கினால் ஃபிளஷ் ஆகிற மாதிரி ஒன்று. கடைசியாகச் சொன்னது பார்க்க நன்றாக இருக்கிறது, விலை பத்தாயிரத்தைத் தாண்டுகிறது. ஏசி போட்டு அடைத்த வண்டிக்குள் நாற்றம் வருமா, எங்கே கொண்டு கொட்டுவது, மறைப்புக்கு அந்தக் கூடாரம் வாங்க வேண்டுமா? வாங்கிப் பயன்படுத்தியவர்கள் சொன்னால் நல்லது.

ஸ்டியரிங்_வடசேரி

அண்ணே, டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறவன் சொல்கிறேன், டாய்லெட் எது வேண்டுமானாலும் வாங்குங்க, கூடாரம் மட்டும் வாங்காதீங்க. ஆடி ஆவணிக் காத்து நம்ம ஊர்க்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் வண்டியில் வந்த ஒரு பார்ட்டி முப்பந்தலில் காற்றாலைக் காத்தாடிகளுக்கு நடுவில் அதைப் பையிலிருந்து எடுத்தார்கள். அது ஸ்பிரிங் கம்பி, தானாக விரிந்து நிற்கும். நின்றது, ஆனால் முளைக்கம்பி அந்தச் சரளில் இறங்கவில்லை, அடுத்த காத்துக்கு முழுசாகப் பறந்து வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. நல்லவேளை உள்ளே ஆள் இல்லை. எடுத்து வந்து அதைத் திரும்ப மடக்க மூணு ஆம்பிளைங்க ரோட்டோரம் மல்லுக்கட்டியதை எதிரே வந்த பஸ் முழுக்க வேடிக்கை பார்த்தது.

நான் செய்வது இதுதான். வண்டியின் இடது பக்கம் வேலியோ புதரோ வருகிற மாதிரி ரோட்டை விட்டு நன்றாக இறக்கி நிறுத்துவேன். இடது பக்க முன்கதவு, பின்கதவு ரெண்டையும் முழுசாகத் திறந்தால் நடுவில் ஒரு ஆள் உட்காரத் தாராளமாக இடம் கிடைக்கும். மூணு பக்கம் மறைந்துவிடும். நாலாவது பக்கத்துக்கு ஒரு கதவு மேலிருந்து இன்னொரு கதவுக்குப் பழைய சாரத்தையோ பருத்திச் சேலையையோ போட்டு துணி கிளிப் குத்தினால் முடிந்தது. அம்மா முன் சீட்டில் இருந்தால் இறங்கியதும் அங்கேயே உட்கார்ந்துவிடலாம், நடக்கவே வேண்டாம்.

மதுரை போகிற நாலுவழிச் சாலை என்றால் நாங்குநேரியில் தொடங்கி டோல்கேட்டுக்கு டோல்கேட் கக்கூஸ் உண்டு, மோசமாக இருந்தால் நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்கு அடித்துப் புகார் சொல்லலாம். நீங்கள் போகிற கடற்கரைச் சாலையில் அந்த வசதியை எதிர்பார்க்காதீங்க. கொடியேற்ற நேரம் நாகப்பட்டினத்தை நெருங்க நெருங்க ரோட்டோரமெல்லாம் பாதயாத்திரைக் கூட்டமாக இருக்கும், மறைவிடம் கிடைப்பது கஷ்டம். அதற்கு முன்னாடியே ஒரு தடவை நிறுத்திவிடுங்க.

ஆசாரிப்பள்ளம்_சிஸ்டர்

அண்ணா, பத்தாயிரம் ரூபாய் சாமானை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒரு சர்ஜிக்கல் கடைக்குப் போய் மடக்கு கமோடு சேர் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆபரேஷன் முடிந்தவர்களுக்கும் வயசானவர்களுக்கும் கட்டில் பக்கத்தில் போடுவோமே, அதேதான். இரும்புக் குழாயில் நாலு கால், நடுவில் ஓட்டை உள்ள சீட், அதன் அடியில் இழுத்து எடுக்கிற மூடி போட்ட பிளாஸ்டிக் பக்கெட். இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும்.

இதன் அருமை என்னவென்றால், அந்தப் பக்கெட்டை உருவிவிட்டு சேரை அப்படியே இந்தியன் கோப்பைக்கு மேலே தூக்கி வைக்கலாம். பங்க், ஹோட்டல், கோயில் மண்டபம், நீங்கள் தங்கப் போகிற லாட்ஜ் என்று எந்தக் கக்கூஸும் அம்மாவுக்கு வெஸ்டர்ன் ஆகிவிடும். மேனேஜர் சாவியோடு எங்கே போனால் நமக்கென்ன? பக்கெட்டோடு பயன்படுத்த வேண்டி வருவது ஆளில்லாத இடத்தில் மட்டும்தான்.

வாங்கும்போது சீட் உயரம் பாருங்கள். சாதாரண நாற்காலி உயரம், அதாவது 45 சென்டிமீட்டர் வாக்கில் இருக்க வேண்டும். ஆன்லைனில் வருகிற பக்கெட் சீட், சின்ன ஃபிளஷ் மாடல் எல்லாம் இதைவிடத் தாழ்வு, சிலது ஒரு அடி உயரம்தான். முட்டு தேய்ந்தவர்களுக்கு உட்காருவதைவிட அதிலிருந்து எழுந்திருப்பதுதான் பாடு. ரெண்டு பக்கமும் கைப்பிடி இருக்க வேண்டும், சக்கரம் வேண்டவே வேண்டாம், கால் நுனியில் ரப்பர் புஷ் கெட்டியாக இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டு வாங்குங்கள். சில இடங்களில் கோப்பையைத் திண்டு கட்டி உயர்த்திப் பதித்திருப்பார்கள், அங்கே நாலு காலும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று நீங்களோ மைனியோ கையால் ஆட்டிப் பார்த்த பிறகுதான் அம்மாவை உட்கார வைக்க வேண்டும். கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்னாடியே வாங்கி வீட்டில் உட்கார்ந்து பழகட்டும். ரோட்டில் வைத்து முதல்முதலாகப் பார்த்தால் கூச்சத்தில் மாட்டேன் என்றுதான் சொல்வார்கள்.

தண்ணி குடிக்காமல் இருப்பதை எப்படியாவது நிறுத்துங்கள். நீர் மாத்திரையும் போட்டு, தண்ணியும் குடிக்காமல், ஆகஸ்ட் வெயிலில் நாள் முழுக்க உட்கார்ந்தால் பிரஷர் இறங்கித் தலைசுற்றும், அடக்கி அடக்கி வைத்தால் யூரின் இன்ஃபெக்ஷன் வேறு. சில நீர் மாத்திரைகள் போட்ட ஒரு மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி ஆறு மணி நேரம் வரைக்கும் போக வைக்கும். பயண நாளில் எத்தனை மணிக்குப் போடலாம் என்று மருந்து எழுதின டாக்டரிடமே கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொன்று: நாற்றத்துக்குப் பயந்து மூத்திரம் இருக்கிற பக்கெட்டில் பிளீச்சிங் பவுடர் போடவே கூடாது. மூத்திரத்தில் உள்ள அமோனியாவோடு சேர்ந்து கண்ணையும் மூச்சையும் எரிக்கிற வாயு வரும், அதுவும் மூடின வண்டிக்குள். மகளுக்கு மாத நாள் அந்தச் சமயம் வரும் என்றால் நாப்கினோடு சுற்றிப் போடப் பழைய பேப்பரும் கருப்புக் கவரும் எடுத்து வையுங்கள்.

ஈத்தாமொழி_தேங்கா

சிஸ்டர் சொன்னதற்கு மேல் சேர் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பக்கெட்டுக்குள் என்ன போடுவது என்பதைச் சொல்கிறேன். ஆன்லைனில் ஜெல் பவுடர் என்று சின்னப் பொட்டலம் விற்பார்கள். குழந்தைகள் டயப்பரில் இருக்கிற அதே சோடியம் பாலிஅக்ரிலேட்தான், ஈரம் பட்டதும் கட்டியாகிவிடும். சாமான் நல்லதுதான். ஆனால் அதெல்லாம் பேப்பரால் துடைக்கிற ஊருக்குப் போட்ட கணக்கு. நாம் போன பிறகு ஒரு கப் தண்ணியாவது ஊற்றிக் கழுவுவோம், ஒரு பொட்டலம் அதற்குக் காணாது, மேலே தண்ணி தளும்பிக்கொண்டு நிற்கும்.

எங்கள் பக்கம் தேங்காய் நார் கம்பெனிகளில் நார் பிரித்த பிறகு மிஞ்சுகிற தூள் மலையாகக் கிடக்கும். நர்சரியில் கோகோபீட் என்று அமுக்கிக் கட்டியாக விற்பதும் அதுதான். தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணி குடிக்கும், நாற்றத்தையும் அமுக்கும். கட்டியாக வாங்கினால் நனைக்காமல் காய்ந்தபடியே உதிர்த்து ஒரு டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கெட்டில் குப்பைக் கவரை ரெண்டாக மாட்டி, அடியில் ரெண்டு கை தூள், போன பிறகு மேலே ரெண்டு கை, கவர் வாயை முறுக்கிக் கட்டினால் வண்டிக்குள் யாருக்கும் தெரியாது.

இது ரெண்டுக்கு மட்டும். ஒண்ணுக்குத் தூளும் வேண்டாம், கவரும் வேண்டாம். பக்கெட்டில் போய் மூடி, அடுத்து வருகிற பங்க் கக்கூஸில் ஊற்றித் தண்ணி விட்டு அலம்பினால் தீர்ந்தது, வழியில் பெரும்பாலும் ஒண்ணுக்குத்தான் வரப்போகிறது. தூள் கலந்ததை மட்டும் எந்தக் கோப்பையிலும் கொட்டாதீங்க, குழாய் அடைக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து விளையில் ஆழமாகக் குழி வெட்டி, கவரை உருவிவிட்டுத் தென்னை மூட்டில் மூடிவிடலாம். கழுவுவதற்குக் கப்பும் வாளியும் தூக்க வேண்டாம், தண்ணி பாட்டில் மூடியில் ஊசியைச் சுட்டு நாலைந்து ஓட்டை போட்டால் அரை லிட்டரில் காரியம் முடியும்.

கோதையாறு_ரைடர்

எல்லாரும் சேர்ந்து ஃபிளஷ் மாடலை ஓரங்கட்டிவிட்டீர்கள். நான் வேனில் வைத்திருக்கிறேன், அதனால் அதன் பக்கமும் கொஞ்சம் பேசுகிறேன். சீட்டுக்கும் கீழ் டேங்குக்கும் நடுவில் இழுத்து மூடுகிற ஒரு தகடு இருக்கும், அதன் ரப்பர் சீல் நன்றாக இருந்தால் நாற்றம் சுத்தமாக வராது, இந்த விஷயத்தில் எந்தப் பக்கெட்டும் கிட்டே வர முடியாது. கீழ் டேங்கைத் தனியாகக் கழற்றிக் கைப்பிடியில் தூக்கிக்கொண்டு போய் எந்தக் கோப்பையிலும் ஊற்றலாம், இந்தியன் ஆனாலும் சரி. பெரிய சைஸில் கழிவு டேங்க் 21 லிட்டர் வரை உண்டு, சீட்டும் 40 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும்.

கொடைக்கானல் மாதிரி 2,100 மீட்டர் மேலே ஏறினால் ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை. கீழே மூடின டேங்குக்குள் இருக்கிற காற்று மேலே போகப் போக அழுத்தும். அப்படியே உட்கார்ந்து தகட்டைத் திறந்தால் மேலே தெறிக்கும். உட்காருவதற்கு முன்னால் சீட் மூடியைச் சாத்தி வைத்துக்கொண்டு தகட்டை ஒரு தடவை மெதுவாக இழுத்து விட வேண்டும். வெயிலில் நிறுத்திய வண்டியிலும் இதே கதைதான். ஆசிட், பிளீச்சிங் எல்லாம் போட்டால் சீல் போய்விடும். உள்ளே ஊற்றுகிற நீல மருந்தில் ஃபார்மலின் வகை இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள், அது செப்டிக் டேங்கில் இருக்கிற நல்ல கிருமியையும் கொன்றுவிடும்.

ஆனால் தேங்கா அண்ணன் சொன்ன தண்ணிக் கணக்கு உண்மை. எங்கள் வீட்டு ஆட்கள் கையில் கப்பைக் கொடுத்தால் 10 லிட்டர் டேங்க் மத்தியானத்துக்குள் நிறைந்துவிடும்.

ஸ்டியரிங்_வடசேரி

ரைடர் அண்ணே, வேனுக்குச் சரி. 21 லிட்டர் நிறைந்தால் இருபது கிலோவுக்கு மேல், அதைப் பங்க் கக்கூஸ் வரைக்கும் யார் தூக்குவது? தக்கலை அண்ணனுக்கு எர்டிகா. மூணாவது வரிசையை நிமிர்த்தினால் டிக்கி வெறும் 209 லிட்டர், பெட்டியும் பையும் வைக்கவே காணாது. ஆறு பேர்தானே, பின் சீட்டில் ஒரு பாதியை மடக்கிப் போட்டு அந்த இடத்தில் கமோடு சேரை மடக்கிச் செருகுங்க. மற்ற லக்கேஜுக்கு அடியில் போய்விடாமல் கடைசியாக வையுங்க, அவசரத்துக்கு எடுக்க வேண்டிய சாமான் அது.

தக்கலை_மேற்கு

ரொம்ப நன்றி எல்லாருக்கும். கோப்பைக்கு மேலே சேரைத் தூக்கி வைக்கலாம் என்பது இத்தனை நாள் தோன்றவே இல்லை, நான் ஃபிளஷ் பட்டனையே பார்த்துக்கொண்டு இருந்தேன். அம்மாவிடம் சொன்னேன், "சீக்காளி நாற்காலியில எல்லாம் நான் இருக்கமாட்டேன்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்கள். அதை வீட்டுக்காரி பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள். சிஸ்டர், ஒரு சந்தேகம்: இரும்புக் குழாய் துருப்பிடிக்காதா, நம்ம ஊர் உப்புக் காத்துக்கு? ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட்கட்டுமா, அலுமினியமா?

ஆசாரிப்பள்ளம்_சிஸ்டர்

வண்டியில் ஏற்றி இறக்க அலுமினியம் லேசு, துருவும் பிடிக்காது. ஆனால் மலிவானதில் மடக்குகிற மூட்டு ஆடும், கடையிலேயே நீங்கள் உட்கார்ந்து ரெண்டு பக்கமும் சாய்ந்து பாருங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆடாது, கனம் கூடுதல், விலையும் கூடுதல். பெயின்ட் அடித்த இரும்பு என்றால் குழாய் நுனியில் இருக்கிற ரப்பர் புஷ்ஷுக்குள்தான் முதலில் துரு ஏறும். திரும்பி வந்ததும் புஷ்ஷைக் கழற்றி நல்ல தண்ணியில் கழுவி வெயிலில் காயவைத்து மாட்டுங்கள். கூடவே நாலு புஷ் தனியாக வாங்கி வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள், வழியில் ஒன்று கழன்று தொலைந்தால் சேர் ஆடும், அப்புறம் அம்மா ஜென்மத்துக்கும் அதில் உட்கார மாட்டார்கள்.