ரோமானியப் பேரரசர்களின் காதுகள்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

அலுவலக வேலையாக மிலானுக்குப் போயிருந்தபோது நடுவில் ஒரு சனி, ஞாயிறு கிடைத்தது. ரயிலேறி ரோமுக்குப் போய்விட்டேன். கொலோசியத்துக்கு நின்ற வரிசையைப் பார்த்ததும் ஆசையே போய்விட்டது. சரி, கூட்டமில்லாத இடமாகப் பார்ப்போம் என்று காப்பிட்டோலின் குன்றின் மேலிருக்கும் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தேன். அங்கே 'பேரரசர்கள் கூடம்' என்று ஓர் அறை. சுவரை ஒட்டி இரண்டு அடுக்குப் பளிங்குப் பலகைகள், அவற்றின் மேல் அறுபதுக்கும் அதிகமான தலைகள். எனக்கு எல்லாம் ஒரே முகமாகத்தான் தெரிந்தது. கல்யாண வீட்டில் பெண் வீட்டு மாமாக்களை அடையாளம் தெரியாமல் எல்லாரையும் பார்த்துச் சிரித்து வைப்போமே, அந்த நிலைமை.

பக்கத்தில் வயதான இத்தாலிய அம்மா ஒருவர் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தார். ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியையாம். என் முழியைப் பார்த்துவிட்டு அரைகுறை ஆங்கிலத்தில், "முகத்தை விடு. முதலில் முடியைப் பார், அப்புறம் காதைப் பார்" என்றார்.

முடி எதற்கு என்பது சீக்கிரமே புரிந்தது. அகஸ்டஸின் நெற்றியில் முடிக்கற்றைகள் ஓரிடத்தில் கவையாகப் பிரியும், இன்னோரிடத்தில் நண்டுக் கொடுக்கு மாதிரி சேரும். போட்டோ இல்லாத காலத்தில் தலைநகரிலிருந்து போன மாதிரியைப் பார்த்துத்தான் ஊர் ஊராகச் செதுக்கினார்கள். கை மாறினாலும் அந்த முடி மாறாது. மனிதர் கி.பி. 14-இல் 75 வயதில் இறந்தார், சிலையில் கடைசிவரை வாலிபர்தான். ஹாட்ரியன் தாடி வைத்தார், அவருக்குப் பின் வந்தவர்களும் வைத்தார்கள். செப்டிமியஸ் செவரஸ் தன்னை மார்க்கஸ் அரேலியஸின் மகன் என்று தானே அறிவித்துக்கொண்டவர், ஆகவே தாடியும் அதே சாயல். அவர் மகன் கரகல்லாவுக்கு ஒட்ட வெட்டிய முடி, யாரையோ அடிக்க வருகிற முறைப்பு.

காது விஷயம்தான் எனக்குப் புதிது. கி.பி. 68-இல் நீரோ செத்ததும் அவருடைய சிலைகள் வேண்டாதவை ஆகிவிட்டன. நல்ல பளிங்கை யார் தூக்கி எறிவார்கள்? பலவற்றை அடுத்த ஆண்டு பேரரசரான வெஸ்பேசியனாக மாற்றிச் செதுக்கினார்கள். கல்லைக் குறைக்கலாமே தவிரக் கூட்ட முடியாது. கன்னமும் நெற்றியும் உளிக்குப் பணிந்து சிறுத்துவிடும், காது மட்டும் பழைய அளவிலேயே நிற்கும். சிலவற்றில் பிடரியில் நீரோவின் நீண்ட முடியே மிச்சமிருக்குமாம். முன்னால் பார்த்தால் வழுக்கைக் கிழவர், பின்னால் போனால் நீரோ!

வெஸ்பேசியனின் முகமே தனி. எப்போதும் முக்குகிற மாதிரி இருக்கும். நான் சொல்லவில்லை, ரோமானிய எழுத்தாளர் சூட்டோனியஸே எழுதியிருக்கிறார். ஒருவனிடம் 'என்னைப் பற்றி ஒரு கேலி சொல்' என்று வெஸ்பேசியன் கேட்டாராம். 'முதலில் கழிப்பறை வேலையை முடியுங்கள், சொல்கிறேன்' என்றானாம் அவன்.

அப்புறம் அரை மணி நேரம் காது காதாகப் பார்த்துக்கொண்டு நடந்தேன். ஒரு தலையில் காது கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. ஓடிப்போய் அந்த அம்மாவைக் கூட்டிவந்து, "இது மாற்றிச் செதுக்கியதுதானே?" என்று பெருமையாகக் கேட்டேன். குனிந்து பார்த்தார், சிரித்தார். அந்தக் காதே பிற்காலத்தில் ஒட்டவைத்ததாம்! பழைய சிலைகளுக்கு மூக்கு, காது, மார்பு எல்லாம் பின்னால் செய்து ஒட்டுவது அந்தக் காலத்தில் சகஜமாம்.

எதிர்க் கட்டிட முற்றத்தில் கான்ஸ்டன்டைனின் பெரிய தலை இருக்கிறது. தலை மட்டுமே இரண்டரை மீட்டர். பக்கத்தில் கை, பாதம், முழங்கால் எல்லாம் தனித்தனியாக. 1486-இல் கிடைத்தவை. அதுவும் வேறொரு சிலையை மாற்றிச் செய்தது என்றே ஆய்வாளர்கள் பலர் நினைக்கிறார்கள். எனக்கு இனி வாய் திறக்கத் தைரியமில்லை, பேசாமல் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தேன்.

உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

மதுரைக்காரர்:
வரிசைக்குப் பயந்து ஓடினீர்களே, கொலோசியத்துக்குப் பக்கத்திலேயே வரிசை இல்லாமல் பார்க்கலாம். கான்ஸ்டன்டைன் வளைவு, கி.பி. 315. டிராஜன், ஹாட்ரியன், மார்க்கஸ் அரேலியஸ் மூவரின் கட்டிடங்களிலிருந்தும் சிற்பங்களை எடுத்துப் பதித்திருக்கிறார்கள். ஹாட்ரியன் பன்றி வேட்டையாடும் வட்டச் சிற்பத்தில் உடம்பு அப்படியே, முகம் மட்டும் மாற்றம். எனக்கு அதைவிட மனதில் நிற்பது ஃபோரம் என்ற பழைய ரோமின் பொதுச் சதுக்கத்தில் உள்ள செப்டிமியஸ் செவரஸ் வளைவுதான். கல்வெட்டில் இளைய மகன் கெட்டாவின் பெயர் இருந்த இடத்தைச் செதுக்கி எடுத்துவிட்டு வேறு புகழுரை போட்டிருக்கிறார்கள். கி.பி. 211-இல் தம்பியைக் கொன்ற கரகல்லாவின் வேலை. பழைய வெண்கல எழுத்துகளைப் பொருத்திய ஓட்டைகள் இன்னும் இருக்கின்றன. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவற்றைத் தேடி எனக்குத் தலைவலியே வந்துவிட்டது.

புதுக்கோட்டைக்காரி:
அண்ணா, நான் ரோமுக்குப் போனதில்லை. லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் அகஸ்டஸின் வெண்கலத் தலை ஒன்றைப் பார்த்தேன், கண்கள் கண்ணாடி பதித்தவை, ஆளை அப்படியே பார்க்கிற மாதிரி. 1910-இல் சூடானில் மெரோயி என்ற ஊரில் ஒரு கோயில் படிக்கட்டின் கீழ் புதைந்து கிடைத்தது. ரோமானியரிடமிருந்து அதைப் பறித்து வந்த அந்தப் பக்கத்துக் குஷ் நாட்டு மக்கள், ஏறி இறங்குகிறவர்கள் மிதித்துப் போகட்டும் என்றே அங்கே போட்டார்களாம்.

அன்று ராத்திரி அதே மியூசியத்தின் இணையதளத்தைத் துழாவினேன், எங்கள் பக்கத்துப் புதையலே வந்து நின்றது! 1898-இல் கறுக்காக்குறிச்சியில் கிடைத்த 501 ரோமானியத் தங்கக் காசுகள். அகஸ்டஸ் முதல் உங்கள் வெஸ்பேசியன் வரை பலர் இருக்கிறார்கள். பெரும்பாலானவற்றில் பேரரசர் தலைக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. இனிக் காசாகச் செல்லாது, வெறும் தங்கம்தான் என்று காட்ட வெட்டியிருக்கலாம் என்கிறார்கள். எங்கள் பாட்டியிடம் சொன்னேன். "தங்கத்தை வெட்டிப் பார்க்காமல் யார் வாங்குவார்கள்?" என்றார்.

முதலில் எழுதியவர்:
பாட்டி சொல்வதுதான் எனக்கும் சரியாகப் படுகிறது. அது இருக்கட்டும் தங்கச்சி, வெட்டு எங்கே விழுந்திருக்கிறது? காது தப்பியதா?

புதுக்கோட்டைக்காரி:
நான் பெரிதாக்கிப் பார்த்த காசில் தப்பவில்லை அண்ணா. நேராகக் காதின் மேலேதான்.