காயிலோவர் போட்டதிலிருந்து முன்பக்கம் 'டக் டக்' சத்தம் (ஸ்விஃப்ட் 2014)

வடவள்ளி_ஸ்விஃப்ட்:

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2014 ஸ்விஃப்ட் பெட்ரோல். போன மாதம் நாலு பக்கமும் காயிலோவர் (உயரம் மாற்றக்கூடிய ஷாக், ஸ்பிரிங் செட்) போட்டேன். தைவான் கிட். உயரத்தைத் தனியாக, டேம்பிங்கை (ஷாக் ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் இறுக்கம்) தனியாக மாற்றலாம். டேம்பிங் 30 கிளிக். முன் ஸ்பிரிங் மி.மீ.க்கு 6 கிலோ, பின் ஸ்பிரிங் 4 கிலோ. முன்னால் பில்லோபால் டாப் மவுண்ட் (ஷாக்கின் மேல் முனையைப் பிடிக்கும் உலோக மூட்டு), கேம்பர் பிளேட்டோடு (சக்கரத்தின் சாய்வை மாற்றும் தட்டு) வந்தது. கம்பெனி உயரத்திலிருந்து சுமார் 40 மி.மீ. இறக்கிக் கொடுத்தார்கள்.

ஆனைகட்டி ரோட்டு வளைவுகளில் வண்டி பிடித்துப் போகும் விதத்தைச் சொல்லி மாளாது. ஆனால் ஊருக்குள் ஓட்டவே மனசு வரவில்லை. என்ன பிரச்சினை என்று எழுதுகிறேன்:

முதலாவது, 15–20 கி.மீ. வேகத்தில் ஒட்டுப்போட்ட ரோட்டில், பைப்லைனுக்குத் தோண்டி மூடிய இடத்தில் எல்லாம் முன்னால் 'டக் டக்' என்கிறது. இடது பக்கம்தான் அதிகம். ஆச்சரியம் என்னவென்றால், பெரிய ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் ஒன்றுமே கேட்பதில்லை.

அடுத்தது, வண்டியை நிறுத்தி ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் 'டொய்ங்' என்று கம்பி அறுந்த மாதிரி ஒரு சத்தம். ஸ்டியரிங்கிலும் ஒரு சின்ன உதறல் தெரிகிறது.

அப்புறம் வண்டி லேசாக இடது பக்கம் இழுக்கிறது. முன் டயரின் உள்பக்கத்தைத் தடவினால் இப்போதே சொரசொரவென்று இருக்கிறது. கிட் போட்டபின் அலைன்மென்ட் செய்யவில்லை. "ஸ்பிரிங் உட்காரட்டும், பிறகு பார்க்கலாம்" என்றார்கள்.

மாட்டிய கடையில் கேட்டால் "காயிலோவர்னா சத்தம் வரத்தாங்க செய்யும், பழகிடும்" என்கிறார்கள். பழகிக்கொள்ள வேண்டிய சத்தம்தானா இது? இல்லையென்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது? அப்பாவுக்கு முதுகுவலி வேறு. அவரை உட்காரவைத்துப் பழனி வரைக்கும் போகிற மாதிரியாவது வண்டி இருக்க வேண்டும்.

பின்சக்கரம்:

என் அனுபவத்தில் முதல் சந்தேகம் ஸ்டெபிலைசர் லிங்க் ராடு (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ராடை ஸ்ட்ரட்டோடு, அதாவது முன் ஷாக்கோடு, இணைக்கும் சின்னக் கம்பி). வண்டியை இறக்கியதும் லிங்க்கின் கோணம் மாறிவிடும். கிட்டில் லிங்க் மாட்டுகிற காது கம்பெனி ஸ்ட்ரட்டில் இருந்த உயரத்தில் இல்லையென்றால் பால் ஜாயின்ட் கடைசி எல்லையில் போய் நிற்கும், ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் 'டக்' என்னும்.

சோதனை சுலபம். இரண்டு பக்க லிங்க்கையும் கழற்றுங்கள். ராடு வேறெதிலும் இடிக்காதபடி கட்டிவிட்டு, ஆள் நடமாட்டமில்லாத தெருவில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி கிடைத்துவிட்டான். ஒரு பக்கம் மட்டும் கழற்ற வேண்டாம். லிங்க் இல்லாமல் வளைவில் வேகம் வேண்டவே வேண்டாம், வண்டி கூடுதலாகச் சாயும். இதுதான் காரணம் என்றால் நீளம் மாற்றக்கூடிய லிங்க் வாங்கி, சக்கரம் தரையில் இருக்கும்போது இழுப்பு இல்லாமல் உட்காருகிற நீளத்தில் பூட்டுங்கள்.

செட்டிபாளையம்_ஃபிட்டர்:

தம்பி, எந்த வேகத்தில், எந்த ரோட்டில், எந்தப் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதுவே பாதி வேலை. நான் கரி ட்ராக் பக்கம் பந்தய வண்டிகளுக்கு ஸ்பேனர் பிடித்து வந்தவன், இப்போது சொந்தமாகச் சின்ன ஷெட். இந்த வேலையில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: ஒவ்வொரு சத்தத்துக்கும் தனிக் காரணம் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்து "காயிலோவர் சத்தம்" என்று சொன்னால் எதுவும் தீராது.

பில்லோபால் மவுண்டில் ரப்பர் கிடையாது. அதனால் கல் தெறிப்பது, ரோட்டின் சொரசொரப்பு எல்லாம் உள்ளே கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். அதற்குப் பழகிக்கொள்ளலாம். 'டக்' என்பது அப்படியில்லை. ஓர் இரும்பு இன்னோர் இரும்பைவிட்டு விலகிப் போய்த் திரும்ப வந்து இடிக்கிற சத்தம் அது. விலக இடம் இருக்கிறது என்றால் எங்கேயோ லூஸ் என்று அர்த்தம். அதற்குப் பழகக் கூடாது.

பெரிய மேட்டில் சத்தமில்லை, சின்ன ஒட்டில் மட்டும் வருகிறது என்கிறீர்களே, அதில்தான் விடை இருக்கிறது. பெரிய மேட்டில் ஷாக் நன்றாக அழுந்தி, எல்லாப் பாகமும் ஒரே பக்கம் இறுகி நிற்கும். சின்னச் சின்ன ஒட்டில் பாரம் மேலும் கீழுமாகச் சட்சட்டென்று மாறும். அப்போதுதான் லூசான நட்டு பேசும். லிங்க் ராடும் இதே மாதிரிதான் பேசும், அதனால் பின்சக்கரம் சொன்னதையும் பாருங்கள். ஆனால் முதலில் கை வைக்க வேண்டியது ஷாக் ராடின் மேல் நட்டில்.

நிறையக் கடைகளில் இந்த நட்டை ஏர் கன்னால் அடிக்கிறார்கள். கன் அடிக்கும்போது ராடும் சேர்ந்து சுற்றிவிடும். நட்டு இறுகிய மாதிரி தெரியும், இறுகியிருக்காது. போதாததற்கு, ராடு அந்த வேகத்தில் சுற்றுவது ஷாக்கின் சீலுக்கும் நல்லதல்ல. ராடின் தலையில் ஆலன் கீ போட்டுச் சுற்றாமல் பிடித்துக்கொண்டு, நட்டைக் கையால் ரிங் ஸ்பேனரில் இறுக்க வேண்டும். கிட்டோடு வந்த தாளில் உள்ள டார்க் (எவ்வளவு இறுக்கம்) அளவுக்குக் கொண்டுவர வேண்டும். முடிந்ததும் நட்டுக்கும் ராடுக்கும் குறுக்கே பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு. பிறகு லூசானால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும்.

கழற்றும் முன்பே ஒரு சோதனை செய்யலாம். பானட்டைத் திறந்து இடது டாப் மவுண்ட் மேல் விரல்களை வையுங்கள். வேறொருவர் அந்த மூலையை அமுக்கி அமுக்கி விடட்டும். 'டக்' விரலில் தட்டினால் கோளாறு மேலே. காதுக்கு மட்டும் கேட்டு விரலில் தெரியாவிட்டால் கீழே தேடுங்கள்.

அடுத்து பிரீலோட், அதாவது சக்கரம் தொங்கும்போதே ஸ்பிரிங்கில் இருக்கும் ஆரம்ப அழுத்தம். வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்துவிட்டு (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்), தொங்குகிற சக்கரத்தின் ஸ்பிரிங்கைக் கையால் திருப்பிப் பாருங்கள். மேலும் கீழும் ஆடினால், சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டுக் கிளம்பித் திரும்ப வந்து விழுகிறது. அதற்கும் 'டக்' சத்தம்தான். ஆட்டம் நிற்கும்வரை கீழ் வளையத்தைக் கையால் ஏற்றுங்கள், அதற்கு மேல் 3 அல்லது 4 மி.மீ. போதும். இரண்டு பக்கமும் ஒரே அளவு. பிறகு பூட்டு வளையத்தை அதற்கான ஸ்பேனரில் நன்றாக இறுக்குங்கள்.

உயரம் போதவில்லை என்று இந்த ஸ்பிரிங் வளையத்தைத் திருகாதீர்கள். உங்கள் கிட் மாதிரி உள்ளவற்றில் உயரத்துக்குக் கீழ்ப் பிராக்கெட் தனியாக இருக்கிறது. அதைத் திருகினால் ஷாக்கின் ஓட்டம் அப்படியே இருக்கும், உயரம் மட்டும் மாறும். பிராக்கெட்டுக்குள் இவ்வளவு மரை ஏறியிருக்க வேண்டும் என்று தாளில் போட்டிருப்பார்கள், அதற்குக் குறைவாக விட்டால் ஆபத்து. திருகும் முன் பழைய பிரஷ்ஷால் மரையில் உள்ள மண்ணைத் துடைத்துவிடுங்கள். மண்ணோடு திருகி மரை போனால் அந்த ஷாக்கே போச்சு.

'டொய்ங்' சத்தத்துக்கு வருகிறேன். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது ஸ்ட்ரட்டோடு ஸ்பிரிங்கும் சுலபமாகத் திரும்ப வேண்டும். மேல் இருக்கையில் ஸ்பிரிங் பிடித்துக்கொண்டால் முறுக்கேறி, தாங்காத நேரத்தில் சட்டென்று விடுபடும். ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்ப, நீங்கள் ஸ்பிரிங் மேல் உள்ளங்கையை லேசாக வையுங்கள். துள்ளுவது கையிலேயே தெரியும். சுருளுக்கு இடையில் மட்டும் விரலை விடாதீர்கள். பேரிங், வாஷர் எல்லாம் கிட்டின் படத்தில் உள்ள வரிசையில் இருக்கிறதா, ஏதாவது தலைகீழாகவோ விட்டோ போயிருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் வந்தால் ஸ்பிரிங்குக்கும் மேல் இருக்கைக்கும் நடுவில் மெல்லிய த்ரஸ்ட் பேரிங் போடலாம்.

பலரும் விட்டுவிடுவது ஒன்று இருக்கிறது: லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் கீழ்க் கையின் ரப்பர்). சக்கரம் தொங்கும்போது புஷ் போல்ட்டை இறுக்கினால், வண்டி தரைக்கு வந்ததும் ரப்பர் முறுகியே நிற்கும். 40 மி.மீ. இறக்கிய வண்டியில் கேட்கவே வேண்டாம், கிரீச்சிடும், சீக்கிரம் கிழியும். போல்ட்டை லூஸ் செய்து, வண்டி தன் சக்கரத்தில் நிற்கும்போது இறுக்க வேண்டும். அலைன்மென்ட் மேடையில் ஏற்றும்போது அலைன்மென்ட்டுக்கு முன்னாலேயே இதைச் செய்யச் சொல்லுங்கள். பின் பீம் (பின் சக்கரங்களை இணைக்கும் அச்சு) புஷ்ஷைக் கழற்றியிருந்தால் அதற்கும் இதே விதிதான். ஸ்விஃப்ட்டில் பின் ஸ்பிரிங் ஷாக்கோடு சேராமல் தனியாக நிற்கிறது, அதன் ரப்பர் இருக்கையை மாட்டினார்களா என்றும் பாருங்கள்.

டேம்பிங்கைக் கடைசியாகத் தொடுங்கள். குமிழை ஹார்டு பக்கம் மெதுவாக, முட்டும்வரை திருப்பி, அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். நாலு பக்கமும் நடுவிலிருந்து ஆரம்பியுங்கள். இடதும் வலதும் ஒரே எண்.

டீசல்_திருப்பூர்:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வயதானவர்கள் ஏறும் வண்டிக்கு 6 கிலோ ஸ்பிரிங்கும் 40 மி.மீ. இறக்கமும் அதிகம். ஸ்விஃப்ட்டின் தரை இடைவெளி 170 மி.மீ., அதில் 40 போனால் 130. நாலு பேரோடு நம் ஊர் ஸ்பீடு பிரேக்கரில் அடி உரசும். ஷாக் ராடில் ஒரு ஜிப் டை மாட்டி ஓட்டிப் பாருங்கள். அது பம்ப் ஸ்டாப் (ஷாக் கடைசிவரை அழுந்தும்போது முட்டும் ரப்பர்) வரைக்கும் ஏறிப்போய் நின்றால், இடிப்பது ஸ்பிரிங் இல்லை, பம்ப் ஸ்டாப். அந்த இடியை எத்தனை கிளிக் திருப்பினாலும் குறைக்க முடியாது. உயரத்தை ஏற்றுவதுதான் வழி.

கழற்றிய கம்பெனி ஷாக்கை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-வது பிரிவு. சஸ்பென்ஷன் ஆர்.சி.யில் வராது என்று சிலர் வாதாடுவார்கள். ஆனால் கிளெய்ம் என்று வரும்போது சர்வேயர் அதைக் கேள்வி கேட்கலாம். இன்ஷூரன்ஸில் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வடவள்ளி_ஸ்விஃப்ட்:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை நண்பனோடு உட்கார்ந்துவிட்டேன்.

விரல் வைத்துப் பார்த்ததில் இடது டாப் மவுண்டில் நன்றாகத் தட்டியது, வலதில் இல்லை. ஆலன் கீயால் ராடைப் பிடித்துக்கொண்டு ஸ்பேனர் போட்டதும், இடது நட்டு ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று உள்ளே போனது. அதன் கீழிருந்த வாஷரில் ஒரு பக்கம் மட்டும் வெள்ளி மாதிரி தேய்ந்து பளபளத்தது. வலது நட்டு கால் சுற்றுக்குள் நின்றுவிட்டது. டார்க் ரிஞ்ச் இரவல் வாங்கி இரண்டையும் தாளில் உள்ள அளவுக்கு வைத்துக் கோடும் போட்டாயிற்று.

இடது ஸ்பிரிங் தொங்கும்போது கையால் சுற்றியது. வலதில் நல்ல பிரீலோட் இருந்தது. அளந்து பார்த்தால் இரண்டு வளையத்துக்கும் 9 மி.மீ. வித்தியாசம். டேம்பிங் இடதில் ஹார்டிலிருந்து 8 கிளிக், வலதில் 19. எல்லாவற்றையும் சமமாக்கிவிட்டேன்.

'டக் டக்' போய்விட்டது. லிங்க் ராடைத் தொடவே இல்லை. 'டொய்ங்' மட்டும் வலது பக்கம் இன்னும் வருகிறது, உள்ளங்கையில் துள்ளல் தெரிகிறது. பேரிங் வரிசை படத்தில் உள்ளபடிதான் இருக்கிறது. உயரத்தை எவ்வளவு ஏற்றலாம்? அலைன்மென்ட்டுக்கு இப்போதே போகலாமா?

செட்டிபாளையம்_ஃபிட்டர்:

நல்ல வேலை தம்பி. வாஷரைப் புதிதாக மாற்றிவிடுங்கள், ஒரு பக்கம் தேய்ந்தது திரும்ப லூசாகும்.

அலைன்மென்ட்டுக்கு இப்போது போக வேண்டாம். உயரம் மாறினால் டோவும் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) கேம்பரும் மாறும், செய்த காசு வீண். முதலில் முன்னாலும் பின்னாலும் 15 மி.மீ. ஏற்றுங்கள், திருப்பூர்க்காரர் சொன்னது நியாயம். வீல் ஆர்ச் விளிம்பிலிருந்து சக்கரத்தின் நடு வரைக்கும் அளந்து இடதையும் வலதையும் சமமாக்குங்கள். உயரம் முடிந்தபிறகு பிரீலோட் வளையத்தை மறுபடி ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

வலது பக்கத்துக்கு த்ரஸ்ட் பேரிங் வாங்கும்போது ஸ்பிரிங்கின் உள்விட்டத்தை அளந்துகொண்டு போங்கள். இரண்டு பக்கமும் போடுங்கள், ஒன்றில் மட்டும் போட்டால் உயரம் சில மி.மீ. வித்தியாசப்படும்.

இதெல்லாம் முடிந்து ஒரு வாரம் ஓட்டியபிறகு, அரை டேங்க் பெட்ரோலோடு அலைன்மென்ட் மேடைக்குப் போங்கள். அங்கே லோயர் ஆர்ம் போல்ட் வேலையை முடித்துவிட்டு, கேம்பர் பிளேட்டில் இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் வைத்து, டோவைக் கம்பெனி அளவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். உள்பக்கம் தேய்வதில் பெரும் பங்கு டோவினால்தான் இருக்கும். முந்தைய அளவு, பிந்தைய அளவு இரண்டும் உள்ள பிரின்ட் அவுட்டை வாங்கி இங்கே போடுங்கள். அதைப் பார்த்துவிட்டு டேம்பிங் எங்கே வைக்கலாம் என்று சொல்கிறேன்.