புதுப்பிப்பு: அளவியால் சங்கிலி எண்ணுவது

ஹட்டன் உயர்தர இரசாயன மாணவர்களுக்காக நான் தொடங்கிய இழையில், "கண்ணுக்குத் தெரியாத பல்பகுதியச் (பொலிமர்) சங்கிலியின் நீளத்தை நியமிப்பால் எப்படி அறிவது?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நியமிப்பு என்பது செறிவு தெரிந்த கரைசலை அளவியிலிருந்து (பியூரெட்) சேர்த்து, எவ்வளவு செலவாகிறது என்று பார்ப்பது. அருமையான கேள்வி, அதனால் கணக்கோடு வருகிறேன்.

பொலிலக்ரிக் அமிலத்தின் நேர்ச்சங்கிலி ஒவ்வொன்றிலும் ஒரு முனையில் மட்டும் காபொட்சிலிக் கூட்டம் (காரத்தோடு தாக்கமுறும் அமிலப் பகுதி) இருக்கும். அதை நியமித்தால் சங்கிலிகளையே எண்ணியதாகிறது. 1 கிராம் மாதிரிக்கு, லீற்றருக்கு 0.02 மூல் செறிவுள்ள பொற்றாசியம் ஐதரொட்சைட்டு 10 மில்லிலீற்றர் செலவானால், சங்கிலிகள் 0.0002 மூல். ஆகவே எண்சராசரி மூலர் திணிவு, அதாவது மாதிரியின் திணிவைச் சங்கிலிகளின் மூல் அளவால் வகுத்தது, மூலுக்கு 5000 கிராம். இது கூடக் கூடச் சங்கிலி நீளம்.

சரி, அந்த மூலர் திணிவு 50,000 என்றால்? வெறும் 1 மில்லிலீற்றர்தான் போகும். வாசிப்பில் 0.05 மில்லிலீற்றர் பிசகினால் விடையில் 5 வீதம் பிசகும். நீண்ட சங்கிலிகளுக்கு இந்த முறை கைகொடுக்காதது இதனால்தான். வளையச் சங்கிலிகள் கலந்திருந்தால் விடை உண்மையைவிடக் கூடும், அவற்றுக்கு முனையே இல்லையே!

அப்புறம், நம் மலைப்பக்கத்துக்கு ஒன்று: பனிமூட்ட நாளில் போத்தலைத் திறந்து வைத்தால் ஐதரொட்சைட்டு வில்லைகள் ஈரம் உறிஞ்சிப் பளபளக்கும். நிறுத்த எடையை நம்பாமல், கரைசலின் செறிவை முதலில் பொற்றாசியம் ஐதரசன் தலேற்றால் (திருத்தமாக நிறுக்கக்கூடிய திண்ம அமிலம்) உறுதிசெய்யுங்கள்.