புதுப்பிப்பு: கம்யூனிட்டி காலேஜில் டிவி செய்திப் படிப்பு

கலிபோர்னியாவில் டிவி செய்தித் துறைக்கு கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் இரண்டு வருட அரசுக் கல்லூரி) அசோசியேட் டிகிரி என்ற இரண்டு வருடப் பட்டம் படிக்கலாமா, நேராக நாலு வருடப் பட்டத்துக்கே போய்விடலாமா என்று போன வருடம் கேட்டிருந்தேன். இரண்டு வருடப் படிப்பு வெட்டி வேலை என்றீர்கள் பாதிப் பேர். அதிலேயே சேர்ந்துவிட்டேன்.

காரணம் டிரான்ஸ்ஃபர்தான், அதாவது இங்கே முடித்துவிட்டு நாலு வருடப் பல்கலைக்கழகத்துக்கு மாறுவது. 2010இல் வந்த சட்டப்படி, டிரான்ஸ்ஃபருக்கென்றே உள்ள அசோசியேட் டிகிரியை 60 யூனிட்டில் (பாட மதிப்பு அலகு) முடித்தால், பல வளாகங்கள் கொண்ட மாநிலப் பல்கலைக்கழகமான கால் ஸ்டேட்டில் மூன்றாம் ஆண்டுக்கு இடம் உறுதி. ஆனால் கேட்ட வளாகமே கிடைக்கும் என்ற உறுதி கிடையாது, அதை ஏனோ யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

படிப்பில் எழுதுவதுதான் அதிகம், கேமரா எல்லாம் அப்புறம். ஸ்கிரிப்ட் பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரித்து எழுதியிருக்கும்: இடது பக்கம் திரையில் ஓடுவது, வலது பக்கம் வாசிக்க வேண்டியது. ஒரு செய்தித் தொகுப்பென்றால் ஒன்றரை நிமிடத்துக்குள் பேட்டி, சுற்றுச் சத்தம், நம் குரல் எல்லாம் அடங்கியாக வேண்டும். ஸ்டுடியோவில் நாம் டெலிபிராம்ப்டரை (கேமரா முன் வரிகள் ஓடும் திரை) பார்த்து வாசித்துக்கொண்டிருக்கும்போதே காதில் மாட்டிய கருவியில் தயாரிப்பாளர் "பத்து நொடி, முடி" என்பார், முகம் மாறாமல் பாதிச் செய்தியை விழுங்கிவிட்டு வானிலைக்குத் தாவ வேண்டும்.

வேலை பற்றிக் கேட்டவர்களுக்கு: சின்ன ஊர் நிலையங்களில் ஒரே ஆள்தான் படம்பிடித்து, எடிட் செய்து, கேமரா முன் நின்று பேசவும் வேண்டும். டிகிரியைவிட டெமோ ரீலைத்தான் (நாம் செய்த வேலைகளின் சின்ன வீடியோத் தொகுப்பு) முதலில் பார்ப்பார்கள்.

சரி, அக்டோபர் 1 அன்று கால் ஸ்டேட் விண்ணப்பம் திறக்கிறது. எந்த வளாகங்களைப் போடலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.